துணிந்தவர் யார், பயந்தவர் யார்? பணமும் ரிஸ்க்கும் பற்றி ஓர் எளிய விளக்கம்

ஜூலை வந்துவிட்டால் என் மேசையில் காகிதங்கள் குடும்பம் குடும்பமாக வந்து குவியும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்துகொடுப்பது என் தொழில். ஒரு வீட்டின் மூன்று தலைமுறைப் பணமும் ஒரே பிளாஸ்டிக் உறைக்குள் வந்து சேர்வதை இந்தத் தொழிலில் அடிக்கடி பார்க்கலாம்.

நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து அப்படி ஒரு குடும்பம் வரும். தாத்தாவுக்கு 76 வயது. அவருடையது அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டப் பாஸ்புக், கூடவே வட்டியில் வரி பிடிக்காமல் இருக்கக் கொடுக்கும் 15 எச் படிவத்தின் நகல். மகன் அரசுப் பள்ளி ஆசிரியர். சம்பளத்தில் பிடித்த வரியைக் காட்டும் படிவம் 16, எல்.ஐ.சி. ரசீதுகள், வங்கி வைப்புத்தொகைச் சான்றுகள், நகைக்கடைச் சீட்டு அட்டை என்று அவருடைய கட்டுதான் பெரியது. பேரனுக்கு 24 வயது, சென்னையில் மென்பொருள் வேலை. அவன் கொண்டுவந்தது தரகு நிறுவனம் அனுப்பிய லாப நட்டக் கணக்கு, 11 பக்கம். ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகத்தில் அந்த ஆண்டு அவன் விட்டது 3,40,000 ரூபாய். குறிப்பிட்ட தேதிக்குள் ஒரு பங்கோ பங்குச் சந்தைக் குறியீடோ ஏறுமா இறங்குமா என்பதன் மேல் போடும் ஒப்பந்தங்கள்தான் இவை. வரிச் சட்டம் இதை வியாபாரமாகவே கருதுவதால் சம்பளக்காரருக்கான சாதாரணப் படிவம் போதாது. அந்தக் காரணத்தால்தான் விஷயம் வீட்டுக்குத் தெரியவந்தது.

ஆசிரியர் என்னிடம் சொன்னார்: "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பயமே கிடையாது மேடம். எங்கள் அப்பாவைப் பாருங்கள், போஸ்ட் ஆபீஸைத் தாண்டமாட்டார்."

நானும் தலையாட்டினேன். இளையவர்கள் துணிவார்கள், மூத்தவர்கள் அஞ்சுவார்கள் என்று ஊர் முழுக்கச் சொல்வதுதானே? அன்று இரவு அந்தப் பேச்சைத் திரும்ப யோசித்தபோதுதான், ஒரு வாக்கியத்துக்குள் நான்கு வெவ்வேறு விஷயங்களை நாங்கள் போட்டுக் குழப்பியிருக்கிறோம் என்று பட்டது. குணம் ஒன்று. வாழ்ந்து கண்ட அனுபவம் ஒன்று. வயது ஒன்று. இழப்பைத் தாங்கும் வசதி ஒன்று. இவற்றைப் பிரித்துப் பார்க்காததால் வீடுகளில் நடக்கும் சண்டைகளையும் தவறான முடிவுகளையும் வருடாவருடம் பார்க்கிறேன். அதனால் அடியிலிருந்து தொடங்குகிறேன்.

ரிஸ்க் என்றால் நட்டமா?

பேச்சு வழக்கில் ரிஸ்க் என்றால் ஆபத்து. பணத்தைப் பொறுத்தவரை அந்தச் சொல்லுக்குப் பொருள் சற்று வேறு. ஒரு முடிவின் பலன் எவ்வளவு அகலமாக ஏறி இறங்கக்கூடும் என்பதே ரிஸ்க். மேலே போகும் வாய்ப்பும் அதில் அடக்கம்.

மல்லிகையை எடுத்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசியில் செடி கொட்டிக்கொட்டிப் பூக்கும்போது கிலோ சில நூறு ரூபாய்க்கு இறங்கும். மார்கழி, தையில் பனியால் வரத்துக் குறைந்து, பொங்கலும் முகூர்த்தமும் சேர்ந்துகொண்டால் அதே ஒரு கிலோ சில ஆயிரத்துக்கு ஏறும். பூ விவசாயி ஏழை என்றோ பணக்காரர் என்றோ இதை வைத்துச் சொல்ல முடியாது. அவருடைய வருமானம் எங்கே போய் நிற்கும் என்று முன்கூட்டித் தெரியாது, அவ்வளவுதான். மாதம் பிறந்தால் சம்பளம் வாங்கும் ஆசிரியருக்கு அந்தத் தொகை ரூபாய் சுத்தமாகத் தெரியும். ஆண்டு முடிவில் இருவருக்கும் சமமான பணம் வந்திருக்கலாம். ஆனாலும் பூக்காரர் வாழ்வது ரிஸ்க்கில்.

அந்தத் தாத்தா 40 ஆண்டுகளுக்கு மேல் மல்லிகை போட்டவர்.

மடியும் மனமும்

மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்பார்கள். இந்தப் பழமொழிக்குள்ளேயே இரண்டு விஷயம் இருக்கிறது. மடியில் என்ன இருக்கிறது என்பது ஒன்று, மனம் எவ்வளவு பயப்படுகிறது என்பது மற்றொன்று.

நிச்சயமற்ற பலனை ஏற்க ஒருவருக்கு இருக்கும் மனச்சாய்வை ரிஸ்க் விருப்பம் என்று வைத்துக்கொள்வோம். பலன் கெட்டுப்போனாலும் குடும்பம் நிலைகுலையாமல் இருக்கும் வசதி ரிஸ்க் தாங்குதிறன். வங்கியிலும் மியூச்சுவல் ஃபண்ட் விண்ணப்பத்திலும் கேட்கும் கேள்விகள் இவ்விரண்டையும் கலந்துகட்டியே கேட்கின்றன. நாமும் கலந்துகட்டிப் பதில் சொல்கிறோம்.

இந்த வேறுபாட்டைச் சுவிஸ் கணித மேதை டேனியல் பெர்னூலி 1738-லேயே ஓர் எடுத்துக்காட்டால் விளக்கினார். பரம ஏழை ஒருவரிடம் ஒரு சீட்டு இருக்கிறது. பாதிக்குப் பாதி வாய்ப்பில் 20,000 டுகாட் கிடைக்கும், இல்லையென்றால் ஒன்றும் கிடைக்காது. டுகாட் அன்றைய ஐரோப்பியத் தங்கக் காசு. கணக்குப்படி அந்தச் சீட்டின் சராசரி மதிப்பு 10,000. அதை அவர் 9,000-க்கு விற்றால் ஏமாளியா? இல்லை என்றார் பெர்னூலி. கையில் ஒன்றுமில்லாதவருக்கு உறுதியான 9,000 வாழ்க்கையையே மாற்றிவிடும். அதே சீட்டைப் பெரும் பணக்காரர் 9,000-க்கு வாங்காமல் விட்டால்தான் அவர் கணக்குத் தெரியாதவர். இருவரில் யார் கோழை, யார் வீரர் என்ற கேள்விக்கே இங்கு இடமில்லை. வைத்திருக்கும் பணம் வேறு, அதனால் சரியான முடிவும் வேறு.

இதற்கு ஒரு நீட்சி உண்டு. வாழ்வில் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருக்கிற, நாம் இறக்கிவைக்க முடியாத நிச்சயமின்மையைப் பின்புல ரிஸ்க் என்பார்கள். மழையும் சந்தையும் சேர்ந்து தீர்மானிக்கும் வருமானம் அப்படிப்பட்டது. பின்புல ரிஸ்க் அதிகமுள்ளவர் தன் சேமிப்பையாவது ஆடாத இடத்தில் வைக்கப் பார்ப்பார். இது பயத்தால் வருவதில்லை. இரண்டு காலில் ஒன்று ஏற்கெனவே சேற்றில் இருக்கும்போது மற்றதைத் திடமான தரையில் ஊன்றுவது போன்றது.

இப்போது அந்த உறையைத் திரும்பப் பாருங்கள். அஞ்சலகத்தைத் தாண்டாத தாத்தாவின் வாழ்க்கைதான் அந்தக் குடும்பத்தில் அதிகம் ஆடியது. மாதச் சம்பளமும் வேலைப் பாதுகாப்பும் உள்ள ஆசிரியர்தான் மூவரிலும் அதிகம் தாங்கக்கூடியவர். வைப்புத்தொகையும் நகைச்சீட்டுமாக இருப்பவரும் அவரே. ஆக, பாஸ்புக்கைப் பார்த்து ஒருவரின் துணிச்சலைச் சொல்லிவிட முடியாது.

இதுவரை சொன்னதன் சாரம்: ரிஸ்க் என்பது பலனின் ஏற்ற இறக்கம். அதை ஏற்கும் மனம் வேறு, தாங்கும் வசதி வேறு. தொழிலிலேயே ரிஸ்க் இருப்பவர் சேமிப்பில் அதைக் குறைத்துக்கொள்வது இயல்பு.

பிறவிக் குணம் எவ்வளவு?

வசதியும் வேலையும் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பேர்கூட வேறுவேறு முடிவெடுப்பார்கள். அங்கேதான் குணம் வருகிறது.

மனித குணத்தை உளவியலாளர்கள் பெரும்பாலும் ஐந்து கூறுகளாகப் பிரித்து அளக்கிறார்கள். புதுமையை நாடுவது, ஒழுங்கோடு திட்டமிடுவது, பிறரோடு கலகலப்பாகப் பழகுவது, விட்டுக்கொடுத்து இணங்கிப்போவது, எளிதில் பதற்றமடைவது ஆகியவை அந்த ஐந்து. எல்லாருக்கும் ஐந்தும் உண்டு, அளவுதான் மாறும். புதுமை நாட்டமும் கலகலப்பும் கூடியவர்கள் சற்று அதிகமாக ரிஸ்க் எடுப்பதும், பதற்றம் கூடியவர்கள் தயங்குவதும் ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் தெரிகிறது. "சற்று" என்ற சொல்லை இங்கே வேண்டுமென்றே போட்டிருக்கிறேன். இந்தத் தொடர்பு இருக்கிறது, ஆனால் பலமானதல்ல. ஒருவரின் குணத்தை அளந்து அவர் எந்தப் பங்கை வாங்குவார் என்று யாராலும் சொல்ல முடியாது.

இதில் பிறப்பிலேயே வருவது எவ்வளவு? சுவீடனில் இதைப் பார்க்க அருமையான வாய்ப்பு அமைந்தது. அங்கே 2000-ல் ஓய்வூதிய முறையை மாற்றி, ஒவ்வொருவரும் தன் ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை எந்த நிதித் திட்டங்களில் போடுவது என்று தாமே தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ஆய்வாளர்கள் அந்தத் தேர்வுகளை இரட்டையர் பதிவேட்டோடு சேர்த்துப் பார்த்தார்கள். ஒரே கருமுட்டையிலிருந்து வந்த இரட்டையருக்கு மரபணு ஏறக்குறைய முழுவதும் ஒன்று. இரு கருமுட்டை இரட்டையருக்குச் சராசரியாகப் பாதி. இருவகையினரும் ஒரே வீட்டில் ஒரே காலத்தில் வளர்ந்தவர்கள். முதல் வகையினரின் தேர்வுகள் இரண்டாம் வகையினரைவிட எவ்வளவு அதிகம் ஒத்துப்போகின்றன என்று பார்த்தால் மரபணுவின் பங்கு தெரிந்துவிடும். 2010-ல் வெளியான விடை: ஆட்களுக்கிடையே ரிஸ்க்கில் காணப்பட்ட வேறுபாட்டில் சுமார் கால் பங்கை மரபணு விளக்குகிறது.

கால் பங்கு குறைவானதல்ல. ஆனால் முக்கால் பங்கு வேறு எங்கிருந்தோ வருகிறது. "அவன் பிறவியிலேயே அப்படி" என்று கைகழுவும்போது நாம் பார்க்க மறுப்பது அந்த முக்கால் பங்கைத்தான்.

குணத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொரு தவறும் செய்கிறோம். துணிச்சல் ஒரே சரக்கு என்று நினைக்கிறோம். தலைக்கவசம் இல்லாமல் புறவழிச் சாலையில் பைக்கை விரட்டுபவர் எனக்குத் தெரியும். அவருடைய பணம் முழுவதும் வங்கி வைப்புத்தொகையில். சபையில் நான்கு வார்த்தை பேசச் சொன்னால் வியர்த்துப்போகும் ஒரு பெண்மணி 15 ஆண்டுகளாகப் பங்குகளில் நிதானமாகப் பணம் போட்டுவருகிறார். உளவியலாளர் எல்கே வெபரும் உடன் ஆய்வாளர்களும் 2002-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. பணம், உடல்நலம், பொழுதுபோக்கு, நெறிமுறை, சமூக உறவு என்று ஐந்து களங்களைத் தனித்தனியாக அளந்தபோது, ஒரு களத்தில் துணிந்தவர் மற்றொன்றிலும் அப்படியே இருக்கவேண்டியதில்லை என்று தெரிந்தது. அதனால் பைக் ஓட்டும் வேகத்தைப் பார்த்து ஒருவருக்கு முதலீட்டு ஆலோசனை சொல்லிவிடாதீர்கள்.

ஏறக்குறைய எல்லாரிடமும் பார்க்கக்கூடிய ஒரு போக்கும் உண்டு. நாணயம் சுண்டி, பூ விழுந்தால் நீங்கள் 1,000 ரூபாய் தரவேண்டும், தலை விழுந்தால் உங்களுக்கு எவ்வளவு தந்தால் ஆட்டத்துக்கு வருவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். 1,100 என்று சொல்பவர் அபூர்வம். பெரும்பாலோர் 2,000-ஐ ஒட்டியே நிற்பார்கள். பெற்ற மகிழ்ச்சியைவிட இழந்த வலி ஏறத்தாழ இரண்டு மடங்கு. இதற்கு இழப்பு வெறுப்பு என்று பெயர். டேனியல் கானமனும் ஆமோஸ் டிவெர்ஸ்கியும் 1979-ல் வெளியிட்ட கோட்பாட்டின் நடுநாடி இதுதான். 2002-ல் கானமனுக்குப் பொருளாதார நோபல் கிடைத்தபோது டிவெர்ஸ்கி உயிரோடு இல்லை.

சுருக்கமாகச் சொன்னால்: குணத்துக்குப் பங்குண்டு, அதில் ஒரு பகுதி பிறப்பிலேயே வருகிறது. ஆனாலும் துணிச்சல் இடத்துக்கு இடம் மாறும், இழப்பின் வலி எல்லாருக்கும் பெரிது.

தென்னையின் இடுப்பு

தென்னந்தோப்புக்குள் நடந்தவர்கள் கவனித்திருப்பார்கள். சில மரங்களின் தண்டு ஓர் இடத்தில் மட்டும் இடுப்புப் போலச் சிறுத்து, மேலே மீண்டும் பருத்திருக்கும். கடும் வறட்சி அடித்த காலத்தில் வளர்ந்த பகுதி அது. ஆலும் வேம்பும் ஆண்டுதோறும் பக்கவாட்டில் பருக்கும். தென்னை அப்படிப் பருக்காது. அதனால் பிறகு எத்தனை நல்ல மழை பெய்தாலும் அந்த இடுப்பு நிரம்புவதில்லை. மரம் காய்க்கும், உயரும், ஆனால் வறட்சியைத் தண்டில் வைத்துக்கொண்டே இருக்கும்.

தலைமுறை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்த இடுப்புதான்.

அமெரிக்காவில் இது பெரிய அளவில் நடந்தது. 1929 செப்டம்பரில் 381-ஐத் தொட்டிருந்த டவ் ஜோன்ஸ் பங்குக் குறியீடு 1932 ஜூலையில் 41-க்கு வந்தது. 100 ரூபாய் 11 ரூபாய் ஆனதற்குச் சமம். ஆயிரக்கணக்கான வங்கிகள் மூடின. 1933-ல் வேலைக்குத் தயாராக இருந்தவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு வேலையில்லை. குறியீடு பழைய உச்சத்தை மீண்டும் எட்டியது 1954 நவம்பரில், 25 ஆண்டுகள் கழித்து. அந்தக் காலத்தில் வளர்ந்தவர்கள் பின்னாளில் செழிப்பான அமெரிக்காவில் வாழ்ந்தும் பங்குச் சந்தைப் பக்கம் தலைவைக்கத் தயங்கினார்கள் என்று கதைகதையாகச் சொல்வார்கள்.

அது வெறும் கதைதானா என்று உல்ரிக்கே மால்மெண்டியர், ஸ்டெஃபான் நாகல் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் சோதித்தார்கள். 1960 முதல் 2007 வரை அமெரிக்கக் குடும்பங்களிடம் எடுத்த நிதிக் கணக்கெடுப்புகளை வைத்துச் செய்த அந்த ஆய்வு 2011-ல் வெளியானது. ஒவ்வொருவரும் பிறந்ததிலிருந்து அந்த நாள் வரை பங்குச் சந்தை என்ன பலன் தந்தது என்று தனித்தனியாகக் கணக்கிட்டார்கள். வாழ்நாளில் மோசமான பலனைக் கண்டவர்கள் ரிஸ்க் விருப்பம் குறைவு என்று சொன்னார்கள், பங்கு வாங்கியவர்கள் அவர்களில் குறைவு, வாங்கியவர்களும் குறைவாகவே போட்டார்கள். வயது, வருமானம், சொத்து ஆகியவற்றின் பாதிப்பைக் கழித்துப் பார்த்த பின்னும் இது நின்றது.

அண்மை ஆண்டுகள் மனத்தில் அதிக எடை பெறுகின்றன, பழையவற்றின் எடை மெல்லத் தேய்கிறது, ஆனால் பல பத்தாண்டுகள் கழித்தும் பூஜ்யமாவதில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. பங்குச் சந்தையின் அனுபவம் பங்குகள் மேலான முடிவையும், கடன் பத்திரங்களின் அனுபவம் பத்திரங்கள் மேலான முடிவையும் மாற்றியது. ஒட்டுமொத்தமாக மனிதர் கோழையாகிவிடுவதில்லை. சுட்ட பாலைத்தான் பூனை நினைவில் வைத்திருக்கிறது.

ஜப்பானிலும் இப்படி ஒரு நீண்ட வறட்சி வந்தது. 1989-ன் கடைசி வணிக நாளில் 38,915-ல் முடிந்த நிக்கேய் பங்குக் குறியீடு அந்த உயரத்தைத் தாண்டியது 2024 பிப்ரவரியில். முப்பத்துநான்கு ஆண்டுகள். ஜப்பானியக் குடும்பங்களின் நிதிச் சொத்தில் பாதிக்கு மேல் ரொக்கமாகவும் வைப்புத்தொகையாகவுமே இருந்துவந்ததை இந்த எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டி

நம் ஊரின் வறட்சி பங்குச் சந்தையில் மட்டும் வரவில்லை. 1990-களில் தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு நிதி நிறுவனங்கள் முளைத்தன. என் அப்பா 1996-ல் அப்படி ஒன்றில் 40,000 ரூபாய் போட்டார். ஆண்டுக்கு 24 சதவீத வட்டி. பதினான்கு மாதம் வட்டி ஒழுங்காக வந்தது. பிறகு ஒரு நாள் காலை அந்த அலுவலகத்தின் ஷட்டர் திறக்கவில்லை. அப்பாவும் இன்னும் நூறு பேரும் வாசலில் நின்றார்கள். அந்தப் பச்சை நிற ரசீதை அப்பா தூக்கிப்போடவே இல்லை. நிலப் பத்திரத்தோடு டிரங்குப் பெட்டியில் மடித்துவைத்திருந்தார், 2015-ல் அவர் இறக்கும்வரை. அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் அஞ்சலகத்தைத் தவிர வேறு எங்கும் அவர் ஒரு ரூபாய் போடவில்லை.

இத்தகைய வைப்பாளர்களைக் காக்கவே தமிழ்நாடு அரசு 1997-ல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. இன்றும் மறக்கக்கூடாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: வங்கி வைப்புத்தொகைக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. நிதி நிறுவன வைப்புக்கு அது கிடையாது.

நான் 2003-ல் சம்பாதிக்கத் தொடங்கினேன். மற்றவர்களின் மூலதன ஆதாயத்தைப் பைசா பிசகாமல் கணக்கிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த நான், 2014 வரை எனக்காக ஒரு மியூச்சுவல் ஃபண்ட் யூனிட்கூட வாங்கவில்லை. பணம் இழந்தது நான் இல்லை. எனக்கு எண்கள் தெரியும். ஆனாலும் அந்த ஷட்டர் என் மனத்தில் மூடியே இருந்தது. இது என் வீட்டுக்கு மட்டும் உரியதல்ல. ஜெர்மனியில் ஆண்டுதோறும் ஒரே குடும்பங்களைத் தொடர்ந்து கேட்கும் கணக்கெடுப்பை ஆராய்ந்தவர்கள், பெற்றோரின் ரிஸ்க் விருப்பமும் பிள்ளைகளின் ரிஸ்க் விருப்பமும் தெளிவாக ஒத்துப்போவதை 2012-ல் எடுத்துக்காட்டினார்கள். மரபணு, வளர்ப்பு, சாப்பாட்டு நேரத்தில் காதில் விழுந்த பேச்சு எல்லாம் சேர்ந்துதான் வருகிறது.

இந்தப் பகுதியின் சாரம்: தலைமுறை என்பது பிறந்த ஆண்டு தரும் முத்திரை அன்று. எந்த ஆண்டுகளில், எந்த வகைப் பணத்தில், என்ன நடந்ததைக் கண்டோம் என்பதே அது. சில சமயம் பெற்றோர் கண்டதும் நமக்கு இறங்கிவிடுகிறது.

மனம் எப்படிக் கணக்குப் போடுகிறது

அனுபவம் எந்த வழியாக முடிவை மாற்றுகிறது என்பதுதான் உண்மையான இயக்கம். இரண்டு வழிகள் இருக்கக்கூடும். ஒன்று, வலியைத் தாங்கும் மனமே மாறிவிடுவது. மற்றொன்று, "இனி என்ன நடக்கும்" என்ற எதிர்பார்ப்பு மாறுவது. மேலே சொன்ன அமெரிக்க ஆய்வில் ஒரு பகுதியாவது இரண்டாவது வழியில் நடக்கிறது என்பதற்கு ஆதாரம் இருந்தது. சந்தை விழுந்ததைக் கண்டவர் வெறுமனே கோழையாகிவிடவில்லை. சந்தை என்றால் விழும் பொருள் என்று கற்றுக்கொண்டார்.

இந்தக் கற்றல் ஒரு சராசரி போடுவது போன்றது. நாம் கண்ட ஆண்டுகளை மட்டும் எடுத்து, அண்மையதற்கு அதிக மதிப்பெண் கொடுத்து, மனம் ஒரு சராசரி போடுகிறது. நமக்கு முன்னால் நடந்தது புத்தகத்தில் இருந்தாலும் அந்தச் சராசரியில் சரியாகச் சேர்வதில்லை.

இப்போது 2021 செப்டம்பரில் இரண்டு பேரை நிறுத்துவோம். ஒருவருக்கு 55 வயது. 1992 பங்குச் சந்தை ஊழலுக்குப் பின் வந்த சரிவைப் பார்த்தவர். 2001 ஜூலையில் யூ.டி.ஐ. நிறுவனத்தின் யூனிட் 64 என்ற மியூச்சுவல் ஃபண்ட் திட்டத்தில் போட்ட பணத்தைத் திரும்ப எடுக்க முடியாமல் நிறுத்திவைத்ததைப் பார்த்தவர். 2008 ஜனவரியில் 21,000-ஐத் தாண்டிய மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் அதே ஆண்டு அக்டோபரில் 9,000-க்குக் கீழே இறங்கியதைப் பார்த்தவர். மற்றவருக்கு 22 வயது. கொரோனா ஊரடங்கில் கணக்குத் தொடங்கியவர். 2020 மார்ச் 23 அன்று 26,000-க்குக் கீழ் முடிந்த சென்செக்ஸ் 18 மாதங்களில் 60,000-ஐத் தொட்டதுதான் அவர் கண்ட முழு உலகம்.

அந்த 18 மாதம் மூத்தவரின் கணக்கில் நீண்ட வரிசையின் கடைசி உருப்படி. இளையவருக்கு அது மட்டுமே இருக்கிறது. இருவரும் நேர்மையாகவே கணக்குப் போடுகிறார்கள், விடை மட்டும் வேறாக வருகிறது. அண்மை நிகழ்வு இளையவர்களையே அதிகம் அசைக்கும் என்று அந்த ஆய்வு சொல்வதன் காரணமும் இதுதான். ஏறும் சந்தையில் அவர்கள் அளவுக்கு மீறித் துணிவார்கள். விழும் சந்தையில் மூத்தவர்களைவிட வேகமாக ஓடுவார்கள். "இளையவர்களுக்குப் பயமில்லை" என்பது பாதி உண்மை. அவர்களுக்கு இன்னும் பயப்படக் காரணம் கிடைக்கவில்லை என்பது அதைவிடப் பொருத்தம்.

வயதா, தலைமுறையா, காலமா?

ரிஸ்க் விருப்பத்தை 0 முதல் 10 வரை மதிப்பெண் போட்டுச் சொல்லச் சொன்னால், வயது ஏற ஏற மதிப்பெண் குறைவது பெரும்பாலான கணக்கெடுப்புகளில் தெரிகிறது. இதை வைத்து "வயதானால் பயம் வரும்" என்று முடித்துவிடலாமா?

முடியாது. இன்று 70 வயதுள்ளவர் 70 வயதானவர் மட்டும் அல்லர், 1950-களில் பிறந்தவரும்கூட. 25 வயதுக்காரர் 2000-த்தை ஒட்டிப் பிறந்தவர். இருவரையும் இன்று ஒருமுறை பார்த்து எடுக்கும் படத்தில் வயதின் விளைவையும் பிறந்த காலத்தின் விளைவையும் பிரிக்கவே வழியில்லை. பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தாலும் ஒரு சிக்கல் மிச்சமிருக்கும். நடப்பு ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்தால் வயது வந்துவிடுகிறது. மூன்றில் இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானாக வரும் என்பதால், எது எதனால் என்று எண்களால் மட்டும் அறுத்துப் பிரிக்க முடிவதில்லை. ஆய்வாளர்கள் பிறந்த ஆண்டை விட்டுவிட்டு, அந்த மனிதர் உண்மையில் கண்ட சந்தைப் பலனை அளவாக எடுத்ததற்கு இந்தச் சிக்கலும் ஒரு காரணம்.

அதனால் "இந்தத் தலைமுறை இப்படி, அந்தத் தலைமுறை அப்படி" என்று ஜென் எக்ஸ், ஜென் இசட் போல ஆங்கில எழுத்தால் பெயர் வைத்துப் பட்டியல் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரே ஆண்டில் பிறந்த இருவரில் ஒருவரின் அப்பா நிதி நிறுவன வாசலில் நின்றிருப்பார், மற்றவரின் அப்பா நின்றிருக்கமாட்டார்.

வாசல் திறந்ததா, துணிச்சல் பிறந்ததா?

கடைசியாக, துணிச்சல் என்று நாம் தவறாக எண்ணும் ஒன்று: வசதியாகத் திறந்திருக்கும் வாசல்.

1996-க்கு முன் பங்கு என்றால் காகிதச் சான்றிதழ். விண்ணப்பப் படிவம், தரகர், கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திரும்பி வரும் பத்திரம், சென்னையில் செகண்ட் லைன் பீச்சில் பங்குச் சந்தைக் கட்டடம். நிலக்கோட்டையில் பூப் பறித்துக்கொண்டிருந்தவருக்கு அந்த வாசல் எங்கிருக்கிறது என்றே தெரியாது. இன்று அதே ஊரில் கைப்பேசியும் ஆதாரும் இருந்தால் போதும். நாட்டில் 2020 மார்ச்சில் சுமார் 4 கோடியாக இருந்த, பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்குகள் 2022 ஆகஸ்டில் 10 கோடியைத் தாண்டின. இரண்டரை ஆண்டில் இத்தனை கோடிப் பேரின் குணம் மாறிவிடாது. கதவுதான் திறந்தது.

கதவுக்கு அப்பால் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரை ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகம் செய்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணம் இழந்தார்கள். மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். இந்த வணிகம் செய்பவர்களில் 30 வயதுக்குட்பட்டோரின் பங்கு ஒரே ஆண்டில் 31 சதவீதத்திலிருந்து 43 சதவீதமாக ஏறியது. ஒவ்வோர் ஆண்டும் என் மேசைக்கு வரும் 11 பக்கக் கணக்குகள் அந்த 93 சதவீதத்தின் சிறு துண்டுகள். அதைப் போட்டவர்கள் பொறுப்பற்றவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏறுவதை மட்டும் கண்ட மனம், திறந்த வாசல், தாங்குதிறன் எவ்வளவு என்று யாரும் கேட்காதது, மூன்றும் அவர்களிடம் சேர்ந்திருக்கின்றன.

இப்போதெல்லாம் முதலீட்டைப் பற்றி யாராவது கேட்டால், ரிஸ்க் எடுப்பீர்களா என்று நான் கேட்பதில்லை. சொந்தப் பணத்தை முதன்முதலில் எந்த ஆண்டு, எதில் போட்டீர்கள், அடுத்த மூன்று ஆண்டுகளில் என்ன ஆயிற்று என்று கேட்கிறேன். வீட்டில் யாராவது பெரிய பணம் இழந்தார்களா என்றும் கேட்கிறேன். ஆறு மாதம் வருமானம் நின்றால் எப்படிச் சமாளிப்பீர்கள் என்பது கடைசிக் கேள்வி. முதல் இரண்டும் மனத்தைக் காட்டும், மூன்றாவது மடியைக் காட்டும்.

அந்த நிலக்கோட்டைத் தாத்தாவிடமும் கேட்டேன். 1978 என்றார். மனைவியின் சங்கிலியை அடகுவைத்து, இரண்டு ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்து, தங்கச்சிமடத்திலிருந்து மல்லிகைப் பதியன் வரவழைத்து நட்டாராம். முதல் ஆண்டு செடி பாதி பட்டுப்போயிற்று. மூன்றாம் தைமாதம்தான் சங்கிலி வீட்டுக்குத் திரும்பியது. ஆசிரியருக்கு இந்தக் கதையே தெரியாது. பேரன் கைப்பேசியைக் கவிழ்த்துவைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

பிறகு நான் அவனுடைய படிவத்துக்கு வந்தேன். குறித்த தேதிக்குள் தாக்கல் செய்துவிட்டால் இந்த நட்டத்தை அடுத்த எட்டு ஆண்டுகளுக்குக் கணக்கில் சுமந்து செல்லலாம், பின்னாளில் வரும் வியாபார லாபத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று விளக்கினேன்.

தாத்தா பாஸ்புக்கை உறைக்குள் செருகிக்கொண்டே கேட்டார்: "எட்டு வருடம்தானா?"